போர்ட்டில் இறங்கி கார் எடுத்துச் சுத்தலாமா? பினாங்கு, லங்காவி, புக்கெட் குரூஸ் போறவங்க முதல்ல இதைப் படிங்க!

2024 மார்ச் மாதக் கடைசி வாரம். மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் உள்ள சாவோ டோமே தீவுக்கு வந்திருந்தது 'நார்வீஜியன் டான்' என்ற சொகுசுக் கப்பல். தீவைச் சுற்றிப் பார்க்கத் தனியார் டூரில் போன 8 பயணிகள் திரும்பி வரத் தாமதமாகிவிட்டது. அவர்கள் கரைக்கு வந்தபோது கப்பல் கண் முன்னால்தான் நின்றது. கடலோரக் காவல் படையின் படகில் கப்பல் பக்கத்திலேயே போயும் அவர்களை ஏற்றிக்கொள்ளவில்லை. கப்பல் கிளம்பிவிட்டது. பெட்டி, துணி எல்லாம் கப்பலில். பாஸ்போர்ட் மட்டும் துறைமுக ஏஜென்ட்டிடம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய கதை. பல நாடுகள் வழியாகப் பயணம் செய்து காம்பியா வரை துரத்திப் போனார்கள். அங்கே கடல் நிலவரம் சரியில்லாததால் கப்பல் கரைக்கு வரவே இல்லை. கடைசியில் செனகல் நாட்டின் டக்கார் துறைமுகத்தில்தான் கப்பலைப் பிடித்தார்கள். "அறிவிக்கப்பட்ட நேரத்துக்குள் கப்பலுக்குத் திரும்பி வருவது பயணிகளின் பொறுப்பு" என்பதுதான் கப்பல் நிறுவனம் சொன்ன பதில். உலகம் முழுக்க குரூஸ் கப்பல்களில் விதி இதுதான்.

தமிழ்நாட்டில் இருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து பினாங்கு, லங்காவி, புக்கெட் தீவுகளுக்கு 3 இரவு, 4 இரவு, 5 இரவு எனக் கப்பலில் போய் வருபவர்கள் இப்போது நிறையவே இருக்கிறார்கள். டிக்கெட் எடுத்த கையோடு வருவது இந்தக் கேள்வி: "ஷிப்புல டூர் புக் பண்ணணுமா, நாமளே ஒரு கார் எடுத்துச் சுத்திடலாமா?" மூன்று தீவுக்கும் ஒரே பதில் கிடையாது.

9 மணி நேரம்னு போட்டிருக்கே, அது நிஜமா?

பயணத் திட்டத்தில் காலை 9 முதல் மாலை 6 வரை என்று போட்டிருந்தால், 9 மணி நேரம் ஊர் சுற்றலாம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். 9 மணி என்பது கப்பல் வந்து சேரும் நேரம். உள்ளூர் அதிகாரிகள் அனுமதி கொடுத்து, ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நின்று, குடியேற்றச் சோதனை முடிந்து வெளியே வர 10 மணி ஆகலாம். 6 மணி என்பது கப்பல் நகரும் நேரம். 'ஆல் அபோர்டு', அதாவது எல்லோரும் ஏறியாக வேண்டிய நேரம், அதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே முடிந்துவிடும். டிராஃபிக், மழை, டயர் பஞ்சர் எல்லாவற்றுக்கும் சேர்த்து இன்னொரு மணி நேரத்தைக் கழித்தால் 4 மணிக்குத் துறைமுக வாசலில் நிற்க வேண்டும். ஆக, கையில் மிஞ்சுவது 6 மணி நேரம். சாப்பாட்டுக்கு ஒரு மணி போனால் 5.

இந்த 5 மணி நேரத்தில் ஒரு பெரிய இடமும் ஒரு சின்ன இடமும் பார்க்கலாம். 'ஒரே நாளில் 8 இடங்கள்' என்று வாட்ஸ்அப்பில் வரும் பேக்கேஜ்களை எல்லாம் வேனில் இருந்தே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

உங்க போன் காட்டுறது யாரோட டைம்?

சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. தாய்லாந்து அவற்றைவிட ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட்டில் இறங்கியதும் உங்கள் போன் தாய்லாந்து டவரைப் பிடித்து, தானாகவே ஒரு மணி நேரம் பின்னுக்குப் போய்விடும். ஆனால் கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். சில கப்பல்கள் நேரத்தை மாற்றும், சில மாற்றாது.

மாற்றாத கப்பலில் 'ஆல் அபோர்டு 5 மணி' என்றால், புக்கெட்டில் உங்கள் போனில் அது 4 மணி. போனை நம்பி 'இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு' என்று பதோங் கடற்கரையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தால், கடைசிப் படகு போயிருக்கும்.

எனவே கப்பலை விட்டு இறங்கும் முன் வாசலில் எழுதி வைத்திருக்கும் நேரத்தையும், அங்கே இருக்கும் கடிகாரத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். போனில் தானியங்கி நேர மாற்றத்தை அணைத்து வைப்பது ஒரு வழி. அதைவிட, அப்பாவின் பழைய எச்எம்டி வாட்ச்சைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பிக் கட்டிக்கொண்டு போவது இன்னும் நல்ல வழி. லங்காவியிலும் இதை மறக்க வேண்டாம். அந்தத் தீவின் வடக்குக் கரையில் நின்றால் தாய்லாந்துத் தீவுகள் கண்ணுக்கே தெரியும்.

பினாங்கு: கார் வேண்டவே வேண்டாம்

பினாங்கில் கப்பல் நிற்பது ஸ்வெட்டன்ஹாம் பியர். வாசலைத் தாண்டினால் ஜார்ஜ் டவுன். 2008இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நகரம் இது. நடந்து பார்க்க வேண்டிய ஊரில் காரை எடுத்தால், பாதி நேரம் பார்க்கிங் தேடுவதில் போய்விடும். நகரத்துக்குள் சுற்றிவர 'கேட்' என்ற இலவசப் பேருந்து இருக்கிறது. தூரமான இடங்களுக்கு 'கிராப்' ஆப்பில் டாக்ஸி வரும்.

தமிழர்களுக்கு இந்த ஊரில் வழி கேட்கவே தேவை இருக்காது. பியரில் இருந்து கொஞ்ச தூரம் நடந்தால் லிட்டில் இந்தியா. குயின் வீதியில் உள்ள ஸ்ரீ மகாமாரியம்மன் கோயில் 1833இல் கட்டப்பட்டது. பினாங்கின் மிகப் பழைய இந்துக் கோயில் இதுதான். பக்கத்திலேயே இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய கபித்தான் கெலிங் மசூதி. வெஜிடேரியன் சாப்பாடு கிடைக்குமா என்று கவலைப்படும் அம்மாக்களுக்கு இங்கே வாழை இலையே கிடைக்கும். அசைவம் சாப்பிடுபவர்கள் நாசி கண்டார் சாப்பிடாமல் கப்பல் ஏறக்கூடாது. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவடி போல தோளில் கம்பு வைத்து, இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டு விற்றதில் இருந்து வந்த பெயர் அது.

தண்ணீர்மலை முருகன் கோயில் பலருடைய லிஸ்டில் இருக்கும். பியரில் இருந்து டாக்ஸியில் போய்விடலாம், ஆனால் மேலே போக 500க்கும் மேற்பட்ட படிகள். மதிய வெயிலில் வயதானவர்களைக் கூட்டிப் போக வேண்டாம். பினாங்கு மலை ரயிலும் (1923 முதல் ஓடுவது, இப்போது நவீனப் பெட்டிகள்) தண்ணீர்மலையும் ஒரே நாளில் என்றால் இழுபறிதான். வார இறுதியில் மலை ரயிலுக்கு வரிசை நீளமாக இருக்கும். கோயிலா மலையா, ஒன்றைத் தேர்வு செய்யுங்கள்.

லங்காவி: கார் எடுக்கணும்னா இங்க எடுங்க

லங்காவியின் கதை வேறு. கப்பல்கள் பெரும்பாலும் தென்மேற்கு மூலையில் உள்ள தஞ்சோங் மாலாய் பகுதியில் நிற்கும். இறங்கியதும் ஊர் இருக்காது. பினாங்கு மாதிரி டவுன் பஸ் வசதியும் இல்லை. டாக்ஸி, கிராப், இல்லையென்றால் வாடகை கார். குடும்பமாக 4, 5 பேர் போனால் கார் கணக்குக்குச் சரியாக வரும். சாலைகள் நல்ல சாலைகள், கூட்டம் குறைவு. நம் ஊர் போலவே இடதுபக்கம் ஓட்டுவதுதான் பழக்கம், ஸ்டீயரிங்கும் வலது பக்கம்தான். வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பெரோடுவா போன்ற மலேசியத் தயாரிப்பு ஆட்டோமேட்டிக் கார்கள். மாடு, எருமை குறுக்கே வரும். அதில் நமக்கு அனுபவம் ஜாஸ்தி.

ஆனால் கார் கடைகள் அதிகம் இருப்பது விமான நிலையம், குவா படகுத்துறை, செனாங் கடற்கரைப் பகுதிகளில். 'கப்பல் நிற்கும் இடத்துக்கே கொண்டு வந்து தருவீர்களா, அங்கேயே வாங்கிக்கொள்வீர்களா?' என்று முன்பே எழுத்தில் கேட்டு உறுதி செய்யாமல் பணம் கட்டாதீர்கள். 'அதெல்லாம் பாத்துக்கலாம்' என்ற பதில் பதிலே அல்ல. கப்பல் வானிலை காரணமாக லங்காவிக்கு வராமலே போனால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதும் அதே மெசேஜில் கேட்க வேண்டிய கேள்வி. துறைமுகத்தை ரத்து செய்யவும் மாற்றவும் கேப்டனுக்கு முழு அதிகாரம் உண்டு. அப்போது கப்பலில் புக் செய்த டூருக்குப் பணம் திரும்ப வரும். வெளியே கட்டிய பணத்துக்குக் கப்பல் பொறுப்பல்ல.

அடுத்து லைசென்ஸ். சர்வதேச ஓட்டுநர் உரிமத்தை இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கிவிட வேண்டும். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், செல்லுபடி ஓராண்டு. இணையத்தில் 'உலகம் முழுக்க செல்லும் லைசென்ஸ், 10 நிமிடத்தில்' என்று விற்கும் அட்டைகளுக்கு எந்த மதிப்பும் இல்லை. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான். ஒரிஜினல் இந்திய லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும்.

பலருக்கும் தெரியாத சிக்கல் ஒன்று உண்டு. சில கப்பல்கள் குடியேற்ற வேலைக்காகப் பயணிகளின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். கார் கடைக்காரரோ ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்வார். கப்பலில் ஏறும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, 'நகல் போதுமா' என்று கடைக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள். போதாது என்றால் அந்தக் கார் உங்களுக்கு இல்லை, டிரைவரோடு வண்டி பேசுங்கள். உண்மையில் ஒரே ஒரு நாளுக்கு டிரைவரோடு வண்டி எடுப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. வழி தேட வேண்டாம், பார்க்கிங் கவலை இல்லை, எந்த நேரத்தில் எந்த ரோடு நெருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

காரே எடுப்பது என்று முடிவு செய்தால், சாவி வாங்கும் முன் காரை நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள். டயர், கண்ணாடி, பெட்ரோல் அளவு எல்லாம் அதில் வர வேண்டும். டெபாசிட் எவ்வளவு, எப்போது திரும்பி வரும், விபத்து என்றால் உங்கள் கையில் இருந்து போகும் தொகை எவ்வளவு என்பது ரசீதில் இருக்கட்டும். குழந்தை இருந்தால் சைல்டு சீட் கேளுங்கள். மலேசியாவில் 2020 முதல் அது கட்டாயம்.

எங்கே போவது? மேற்குப் பக்கம் போனால் மச்சின்சாங் மலையின் கேபிள் கார். கப்பல் நிற்கும் இடத்தில் இருந்து சுமார் அரை மணி நேர ஓட்டம். 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான பாறைகள் கொண்ட மலை அது. இந்தப் பாறைகளுக்காகவே லங்காவிக்கு 2007இல் ஜியோபார்க் அந்தஸ்து கிடைத்தது. உச்சியில் 125 மீட்டர் நீளத்துக்கு வளைந்து நிற்கும் ஸ்கை பிரிட்ஜை ஷாருக் கானின் 'டான்' படக் கிளைமாக்ஸில் பார்த்திருப்பீர்கள். காற்று பலமாக அடித்தாலோ மின்னல் வெட்டினாலோ கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள். மேலே மாட்டிக்கொண்டால் உங்கள் கப்பல் நேரம் அவர்களுக்குத் தெரியாது. எனவே அதைக் காலையில் முதல் வேலையாக முடித்துவிட்டு, திரும்பும் வழியில் செனாங் கடற்கரையில் உட்கார்ந்துகொள்வதே சரியான வரிசை. தூரமான இடம் முதலில், கப்பலுக்குப் பக்கத்து இடம் கடைசியில். எந்தத் தீவானாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

கிழக்குப் பக்கம் கிலிம் அலையாத்திக் காடும் குவா ஊரில் உள்ள பெரிய கழுகுச் சிலையும். கிலிமில் படகுச் சவாரி மட்டுமே 3 மணி நேரம் இழுக்கும். அதையும் கேபிள் காரையும் ஒரே நாளில் சேர்க்க முடியாது. கடலில் இறங்குபவர்கள் ஜெல்லி மீன் எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள். லங்காவி, பினாங்கு இரண்டு கடலிலும் அது சாதாரண விஷயம் இல்லை.

புக்கெட்: இங்கதான் அதிக பேர் மாட்டுறாங்க

புக்கெட்டில் பல கப்பல்கள் கரைக்கே வராது. பதோங் கடற்கரைக்கு எதிரே கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, சின்னப் படகுகளில் ஆட்களை இறக்கும். இதற்குப் பெயர் டெண்டர். போகும்போது ஒரு வரிசை, வரும்போது ஒரு வரிசை. நீங்கள் குறித்து வைக்க வேண்டியது கப்பல் கிளம்பும் நேரம் அல்ல, கடைசி டெண்டர் படகின் நேரம். வீல்சேரில் இருப்பவர்கள் அலை இருக்கும் நாளில் படகுக்கு இறங்கவே அனுமதிக்கப்படாமல் போகலாம். புக் செய்யும்போதே கேட்க வேண்டிய விஷயம் இது. சில கப்பல்கள் தீவின் மறுபக்கம் உள்ள ஆழ்கடல் துறைமுகத்துக்குப் போகும். நீங்கள் பேசிய வண்டி பதோங்கில் காத்திருக்க, கப்பல் வேறு இடத்தில் நிற்கும் கூத்தும் நடக்கலாம்.

பீபீ தீவு, ஜேம்ஸ் பாண்ட் தீவு என்று எல்லோருக்கும் ஆசை இருக்கும். இரண்டும் புக்கெட்டில் இல்லை, புக்கெட்டில் இருந்து படகேறிப் போக வேண்டிய இடங்கள். கடல் கொந்தளித்தால் திரும்பி வரும் நேரம் யார் கையிலும் இல்லை. 2018 ஜூலை 5ஆம் தேதி புக்கெட் அருகே மோசமான வானிலையில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். அந்த மாதங்களில் போகிறவர்கள் படகு டூரே வேண்டாம் என்று முடிவு செய்தால் அது பயம் இல்லை, புத்திசாலித்தனம். போயே ஆக வேண்டும் என்றால் கப்பல் நிறுவனமே நடத்தும் டூரில் போங்கள். விலை கூடுதல்தான். ஆனால் அந்த டூர் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களைக் கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. கூடுதல் பணம் இந்த ஒரு வாக்குறுதிக்குத்தான். பீபீ தீவில் உள்ள மாயா பே கடற்கரை ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பரில் மூடப்படும் என்பதும் நினைவிருக்கட்டும்.

புக்கெட்டில் காரும் கிடைக்கும், ஆனால் ஒரு நாளுக்கு அது வீண் வேலை. பதோங்கில் இருந்து வெளியே போகும் மலைப்பாதை செங்குத்தானது, மாலையில் நெரிசலும் சேர்ந்துகொள்ளும். டாக்ஸி வாடகை கூடுதல், எனவே ஏறும் முன் பேசிவிடுங்கள். ஓல்டு டவுனும் வாட் சாலோங் புத்தர் கோயிலும் பார்த்துவிட்டுத் திரும்புவது 5 மணி நேரத்துக்குள் அடங்கும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கும் பசங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்வதேச உரிமத்தில் இரு சக்கர வாகனத்துக்கான அனுமதி இல்லாமல் ஓட்டி விழுந்தால் டிராவல் இன்சூரன்ஸ் கை கொடுக்காது. மருத்துவமனை பில் மொத்தமும் வீட்டுக்கு வரும். அதோடு, ஸ்கூட்டருக்கோ ஜெட் ஸ்கீக்கோ பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். 'கீறல் போட்டுட்டீங்க' என்று பணம் கேட்டு நிறுத்துவது அங்கே பழைய தந்திரம்.

விசா, ஷாப்பிங்: கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை

கப்பல் சிங்கப்பூரில் கிளம்பி சிங்கப்பூருக்கே திரும்பும். அதாவது நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். இந்தியர்களுக்கு விசா தேவை, அது பல முறை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மலேசியா இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் இறுதி வரை விசா விலக்கு கொடுத்திருக்கிறது. தாய்லாந்து விதிகள் அடிக்கடி மாறுகின்றன. கரையில் இறங்காவிட்டாலும், பட்டியலில் உள்ள எல்லா நாட்டுக்கும் ஆவணம் இருந்தால்தான் கப்பலிலேயே ஏற்றுவார்கள். மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் ஆன்லைன் வருகை அட்டை உண்டு. கப்பல் பயணிகள் அதை நிரப்ப வேண்டுமா என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் கேளுங்கள்.

லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. சாக்லேட் வாங்கலாம், தப்பில்லை. ஆனால் மலேசியாவில் இருந்து வருபவர்களுக்குச் சிங்கப்பூரில் மதுவுக்கு வரிச்சலுகை கிடையாது. சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் கிடையாது. வேப் கொண்டு போவதே குற்றம். புக்கெட்டில் கடைகளில் விற்கும் கஞ்சா கலந்த மிட்டாய், பிஸ்கட் எதையும் விளையாட்டுக்குக்கூட வாங்க வேண்டாம். சிங்கப்பூரின் போதைப் பொருள் சட்டம் எவ்வளவு கடுமை என்பது தமிழ் செய்தி பார்ப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கப்பல் போயிடுச்சு. இப்ப என்ன செய்யணும்?

கப்பலில் தினமும் கொடுக்கும் நிகழ்ச்சி நிரலில் அந்தந்தத் துறைமுகத்தின் ஏஜென்ட் பெயரும் போன் எண்ணும் இருக்கும். அதைப் போட்டோ எடுக்காமல் இறங்காதீர்கள். தாமதம் ஆகும் என்று தெரிந்த நிமிடமே அவரை அழைக்க வேண்டும், துறைமுகம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று அல்ல. ஆள் வரவில்லை என்றால் கேபின் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து அவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் பல கப்பல்கள் கிளம்பும். குடியேற்ற அலுவலக வேலைக்கும் அவர்தான் உதவுவார்.

பினாங்கில் இருந்தும் புக்கெட்டில் இருந்தும் சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. லங்காவியில் கோலாலம்பூர் வழியாகவாவது வந்துவிடலாம். செலவு முழுக்க உங்களுடையது. எனவே கரைக்கு இறங்கும் பையில் ஒரு நாள் மருந்து, வங்கி அட்டை, பாஸ்போர்ட் நகல், போன் சார்ஜர் நான்கும் இருக்க வேண்டும். மருந்தை அப்பா பையில், அட்டையை அம்மா பையில் என்று பிரித்து வைத்துவிட்டு, ஆளுக்கொரு டூரில் போய்விடாதீர்கள்.